கை நீளமான மனிதர்

நம்ம பேராக் பிள்ளைகளிடம் சிலாங்கூர் காற்பந்து அணியைப் பற்றிப் பேச்செடுத்தால் முகம் கொஞ்சம் சுருங்கும். அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1970இல் பேராக் மலேசியக் கிண்ணத்தை வென்றது. மறு வருஷமே இறுதியாட்டத்தில் சிலாங்கூரிடம் 3க்கு 1 என்று தோற்றது. 1972இல் மறுபடியும் இறுதியாட்டம், மறுபடியும் சிலாங்கூர், இந்த முறை 3க்கு 0. அதற்குப் பிறகு 1998 வரைக்கும் அந்தக் கிண்ணம் ஈப்போ பக்கம் வரவே இல்லை. இருபத்தெட்டு வருஷம்! ஒரு தலைமுறை பிறந்து, பள்ளிக்கூடம் போய், கல்யாணமும் முடித்து விடக்கூடிய காலம்.

அந்த நீண்ட பஞ்சத்தில் பாதிக்கு மேற்பட்ட காலம், சிலாங்கூரின் கோல் கம்பத்துக்கு நடுவே நின்றவர் ஒரு தமிழர். ஆர். ஆறுமுகம். முழுப்பெயர் ஆறுமுகம் ரெங்கசாமி. தோட்டத்து லயத்தில் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து ஆட்டம் கேட்ட பெரியவர்களுக்கு அது ஒரு தர்மசங்கடம். பேராக் அடிக்கிற பந்து உள்ளே போக வேண்டும் என்று ஆசை. ஆனால் ஆறுமுகம் பாய்ந்து பிடித்தார் என்று அறிவிப்பாளர் சொன்னால், நம்ம ஆளாச்சே என்று ஒரு பெருமை. இரண்டையும் ஒரே மனசுக்குள் வைத்துக்கொண்டு அவர்கள் ஆட்டம் கேட்டார்கள். இன்றைக்குப் பதினெட்டு வயது ஆகிற ஒரு தம்பியிடம் அந்தப் பெயரைச் சொன்னால் யார் அது என்று கேட்கிறான். அதனால்தான் இந்தக் கட்டுரை.

ஆறுமுகம் 1953ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் தேதி சிலாங்கூரில் பிறந்தார். அப்போது நாட்டில் அவசரகாலம். 1948 ஜூன் மாதம் நம்ம சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டதில் தொடங்கிய அந்தக் காலம் 1960இல்தான் அதிகாரப்பூர்வமாக முடிந்தது. அவருக்கு நாலு வயது நடக்கும்போது சுதந்திரம் கிடைத்தது. துங்கு அப்துல் ரஹ்மான் மெர்டேக்கா என்று முழங்கிய அந்த அரங்கம்தான், பிற்காலத்தில் இந்தப் பையனுடைய பேரும் முழங்கப் போகிற இடம்.

அவர் இளைஞனாக வளர்ந்த வருஷங்கள் நம் சமுதாயத்துக்கு மிகவும் சோதனையான வருஷங்கள். 1968இல் வந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால், குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்தவர்கள் வேலை பெர்மிட் வாங்க வேண்டிய நிலை வந்தது. பெர்மிட் கிடைக்காத ஆயிரக்கணக்கான தமிழர்கள், இங்கேயே மரம் வெட்டி, இங்கேயே பிள்ளை பெற்று வளர்த்தவர்கள், மூட்டை கட்டிக்கொண்டு கப்பல் ஏறினார்கள். இந்த நாடு நம்மை வைத்துக்கொள்ளுமா என்ற கேள்வி பல வீடுகளில் இருந்த காலம் அது. அந்தக் கேள்வி அடங்குவதற்கு முன்பே ஒரு தமிழ்ப் பையன் நாட்டின் சட்டையைப் போட்டுக்கொண்டு, நாட்டின் கோலைக் காக்க நின்றான். இதை வெறும் விளையாட்டுச் செய்தியாக எடுத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

ஆறுமுகத்தை மக்கள் ஸ்பைடர்மேன் என்று கூப்பிட்டார்கள். காரணம் அவருடைய கைகள். நம் பேச்சு வழக்கில் ஒருவனுக்குக் கை நீளம் என்றால் வேறு அர்த்தம் வந்துவிடும்! இவருக்கு உண்மையிலேயே கை நீளம். மூலைக்குப் போகிற பந்தை அந்தக் கை எட்டிப் பிடிக்கிறதைப் பார்த்தவர்களுக்குச் சிலந்தி மனிதன் ஞாபகம் வந்ததில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் கை நீளமாக இருந்தால் மட்டும் கோல் காவலர் ஆகிவிட முடியுமா? கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். கோல் கம்பங்களுக்கு நடுவே 7.32 மீட்டர். உயரம் 2.44 மீட்டர். ஒரு மனிதன் நட்ட நடுவில் நின்று இரண்டு கையையும் விரித்தால் இரண்டு மீட்டர் அளவு மறையும். மீதி ஐந்து மீட்டருக்கு மேல் திறந்தே கிடக்கும். பெனால்டி அடிக்கிற புள்ளி பதினொரு மீட்டர் தூரத்தில். நன்றாக உதைத்த பந்து அரை வினாடிக்குள் வந்துவிடும். பந்தைப் பார்த்துவிட்டுப் பாயலாம் என்றால் பந்து வலையில் இருக்கும். எனவே உதைக்கிறவனின் இடுப்பு எந்தப் பக்கம் திரும்புகிறது, ஊன்றுகிற கால் எப்படி நிற்கிறது என்று பார்த்து முன்கூட்டியே முடிவெடுக்க வேண்டும். தப்பாக முடிவெடுத்தால் அரங்கமே சிரிக்கும்.

எதிரணி ஆள் தனியாக ஓடி வரும்போது கோட்டிலேயே நின்றால் செத்தோம். முன்னால் வந்து கோணத்தைச் சுருக்க வேண்டும். நீங்களே திடலில் செய்து பாருங்கள். கோட்டில் நிற்கும்போது இரண்டு பக்கமும் பெரிய ஓட்டை தெரியும். நாலு எட்டு முன்னால் வந்தால் உதைக்கிறவன் கண்ணுக்குக் கோல் சின்னதாகிப் போகும். ஆனால் ரொம்ப முன்னால் வந்துவிட்டால் தலைக்கு மேல் தூக்கிப் போட்டுவிடுவான். எத்தனை எட்டு என்பதை எந்தப் புத்தகமும் சொல்லித்தராது. அப்புறம் பக்கவாட்டிலிருந்து உயரமாக வருகிற பந்து. பத்துப் பேர் முட்டி மோதுகிற கூட்டத்துக்குள் நுழைந்து, எல்லோருடைய தலைக்கும் மேலே கையை நீட்டி அதைப் பறிக்க வேண்டும். இங்கேதான் நீளக் கையின் அருமை தெரியும்.

அந்தக் காலத்துத் திடல்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் மழை கொட்டினால் கோல் முன்னால் சேறு. நனைந்த பந்து கனக்கும், வழுக்கும். சக ஆட்டக்காரர் காலால் திருப்பித் தருகிற பந்தைக் காவலர் கையால் எடுக்கக்கூடாது என்ற விதி 1992இல்தான் வந்தது. அதற்கு முன்பு அது ஒரு சௌகரியம் என்பது உண்மைதான். ஆனால் மற்ற எல்லாமே இன்றைக்கு இருப்பதைவிடக் கஷ்டம்.

சிலாங்கூர் அணியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், பேராக்காரர்களுக்குப் பிடிக்காவிட்டாலும். 1971 முதல் 1986 வரை பதினாறு ஆண்டுகளில் அந்த அணி பதினொரு முறை மலேசியக் கிண்ணத்தை வென்றது. எச்.எம்.எஸ். மலாயா என்ற போர்க்கப்பல் அன்பளிப்பாகத் தந்த கோப்பையுடன் 1921இல் தொடங்கிய போட்டி அது. அதன் நீண்ட சரித்திரத்தில் இப்படி ஒரு காலம் வேறு எந்த மாநிலத்துக்கும் அமையவில்லை. 1975இல் இங்கிலாந்தின் ஆர்சனல் அணி வந்தபோது சிலாங்கூர் அதை 2க்கு 0 என்று தோற்கடித்தது. இரண்டு கோலும் மொக்தார் டஹாரி அடித்தது. பேப்பரில் மொக்தார் படம் பெரிதாக வரும். கோல் அடிக்கிறவனுக்குத்தானே மாலை! ஆனால் முன்வரிசை தைரியமாக ஏறி ஆட வேண்டுமென்றால், பின்னால் ஒருவன் இருக்கிறான் என்ற நம்பிக்கை வேண்டும். ஆறுமுகம் அந்த நம்பிக்கையாக இருந்தார்.

நாட்டின் அணியில் அவருக்கு முன்னால் நின்ற இருவர் சோ சின் ஆன், சந்தோக் சிங். மலாக்காவிலிருந்து வந்த சீனர் ஒருவர், பஞ்சாபியர் ஒருவர், பின்னால் ஒரு தமிழர். தற்காப்பு இந்த மூவர் கையில். அமெரிக்காவில் காற்பந்து என்று வேறொரு ஆட்டம் ஆடுகிறார்களே, கையில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம், அதில் தற்காப்புக்கென்றே தனியாகப் பதினொரு பேரை இறக்குவார்கள். தாக்குகிறவர்கள் வெளியே போய் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கலாம். நம் ஆட்டத்தில் அந்த வசதி கிடையாது. தொண்ணூறு நிமிஷமும் அதே ஆட்கள்தான். சின் ஆனும் சந்தோக்கும் எதிரியை மறிக்க, அவர்களுக்கு முதுகுப் பக்கம் நடப்பதைப் பார்த்துக் குரல் கொடுப்பது காவலரின் வேலை. திடல் முழுவதையும் பார்க்கக்கூடிய ஒரே ஆள் அவர்தான். சத்தம் போடத் தெரியாதவன் காவலராக இருக்க முடியாது.

1977இல் கோலாலம்பூரில் நடந்த சீ விளையாட்டில் மலேசியா இறுதியாட்டத்தில் தாய்லாந்தை 2க்கு 0 என்று வென்று தங்கம் எடுத்தது. 1979இல் ஜகார்த்தாவில் இந்தோனேசியாவை அதன் சொந்த மண்ணிலேயே 1க்கு 0 என்று வென்று மறுபடியும் தங்கம். ஒரே ஒரு கோல் வித்தியாசம், அதுவும் ஜகார்த்தா ரசிகர் கூட்டத்துக்கு நடுவில். 1க்கு 0 என்று முடிகிற ஆட்டத்தில் ஒரு கோல் அடித்தது எவ்வளவு முக்கியமோ, ஒரு கோலும் விடாதது அவ்வளவு முக்கியம். இரண்டாவதை யாரும் எழுதுவதில்லை.

இனி 1980க்கு வருவோம். அவருடைய வாழ்க்கையின் உச்சி அதுதான். பெரிய காயமும் அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

மலேசியா அதற்கு முன் ஒரே ஒரு முறைதான் ஒலிம்பிக் காற்பந்தில் ஆடியிருந்தது. 1972இல் மியூனிக்கில். எம். சந்திரன் ஆடிய அந்த அணி மேற்கு ஜெர்மனியிடமும் மொரோக்கோவிடமும் தோற்றது, அமெரிக்காவை 3க்கு 0 என்று வென்றது. ஆம், அமெரிக்காவைத்தான்! எட்டு ஆண்டு கழித்து மாஸ்கோ ஒலிம்பிக்குக்கான தகுதிச் சுற்று கோலாலம்பூரில் நடந்தது. தென் கொரியா, ஜப்பான், இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், புருணை, மலேசியா. ஆறு நாடு, ஒரே ஒரு இடம். கடைசியில் மலேசியாவும் தென் கொரியாவும் மோதின.

ஏப்ரல் மாதம், மெர்டேக்கா அரங்கம். உட்கார இடமில்லாமல் கூட்டம். வீட்டில் டிவி இல்லாதவர்கள் டிவி இருக்கிற வீட்டு வாசலில் கூடினார்கள். ஆசியாவில் அன்றைக்குக் கொரியா என்றால் பயம்தான். ஓட்டம், உடல் பலம், ஒழுங்கு எல்லாம் அவர்களிடம் இருந்தது. ஆட்டம் 1க்கு 1 என்று இழுத்துக்கொண்டே போனது. கடைசிக் கட்டத்தில் சபாக்காரர் ஹசான் சானி பந்தைக் கொண்டுபோய்க் கொடுக்க, இன்னொரு சபாக்காரர் ஜேம்ஸ் வோங் அதை உள்ளே தள்ளினார். 2க்கு 1. மலேசியா மாஸ்கோவுக்குத் தகுதி பெற்றுவிட்டது. ஒரு கோலுக்கு மேல் கொரியர்களை விடாமல் காத்தவர் ஆறுமுகம். வயது 27. ஒரு கோல் காவலருக்கு அனுபவமும் உடம்பும் ஒன்றாகச் சேர்ந்து வருகிற வயது.

ஆனால் மாஸ்கோவுக்கு யாரும் போகவில்லை.

1979 டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தன. அதைக் கண்டித்து அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் ஒலிம்பிக்கைப் புறக்கணிக்கச் சொல்லி உலகத்தைக் கேட்டுக்கொண்டார். பல நாடுகள் சேர்ந்தன, மலேசியாவும் சேர்ந்தது. நியாயமான காரணம் என்று ஒரு பக்கம் வாதம் உண்டு. ஒரு சிறிய நாட்டின் மீது பெரிய நாடு படையெடுத்ததை எதிர்க்கத்தான் வேண்டும். நான் அதை மறுக்கவில்லை. ஆனால் அதற்கான விலையை யார் கொடுத்தார்கள் என்று பாருங்கள். மந்திரிமார் யாருக்கும் எதுவும் குறையவில்லை. பல வருஷம் உழைத்து, சேற்றில் விழுந்து புரண்டு, ஆசியாவின் பெரிய அணியை வீழ்த்திய இருபது சொச்சம் இளைஞர்கள் வீட்டிலிருந்தபடி செய்தி கேட்டார்கள். மலேசியாவின் இடத்தில் ஈராக் போனது. அது காலிறுதி வரைக்கும் போய்ச் சேர்ந்தது. நம்ம ஆட்கள் போயிருந்தால் எதுவரை போயிருப்பார்கள்? இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. அதற்குப் பிறகு இன்றுவரை மலேசியா ஒலிம்பிக் காற்பந்துக்குத் தகுதி பெறவே இல்லை.

ஆறுமுகம் அதற்காக ஆட்டத்தை விட்டுவிடவில்லை. அதே 1980இல் மலேசியக் கிண்ண இறுதியில் சிலாங்கூர் சிங்கப்பூரிடம் 2க்கு 1 என்று தோற்றது. ஃபாண்டி அஹ்மாட் என்ற இளைஞன் வெற்றிக் கோலை அடித்து அன்றைக்கே பெரிய பேர் வாங்கினான். மறு வருஷம் சிலாங்கூர் அதே சிங்கப்பூரை 4க்கு 0 என்று திருப்பி அடித்தது. அந்தக் கோலாகலம் எல்லாம் பழைய ரசிகர்கள் வாயால் கேட்க வேண்டும், எழுத்தில் பாதிதான் வரும்.

இன்னொரு விஷயம். இதையெல்லாம் அவர்கள் காசுக்காகச் செய்யவில்லை. செய்திருக்கவும் முடியாது. மலேசியாவில் அன்று காற்பந்து தொழில் கிடையாது. ஆட்டக்காரர்கள் பேங்கிலும், மின்சார வாரியத்திலும், போலீசிலும், அரசாங்க ஆபீசிலும் வேலை பார்த்துக்கொண்டு, சாயங்காலம் பயிற்சிக்கு வந்தவர்கள். ஆட்டத்துக்கென்று கிடைத்தது சின்னப் படிக்காசுதான். இன்றைக்கு ஓர் அமெரிக்கத் தற்காப்பு ஆட்டக்காரர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் கோடிக்கணக்கான டாலர். முழங்கால் போனால் பார்க்கத் தனி வைத்தியர், ஓய்வு பெற்றால் பென்ஷன். ஆறுமுகம் காலத்தில் விரல் ஒடிந்தால் கட்டுப் போட்டுக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போக வேண்டும். மலேசியாவில் பாதித் தொழில்முறை லீக் 1989இல்தான் தொடங்கியது. முழுத் தொழில்முறை 1994இல்.

1989ஐ அவர் பார்க்கவில்லை. 1988 டிசம்பரில் ஒரு கார் விபத்தில் ஆறுமுகம் இறந்துபோனார். வயது 35. இன்னும் ஒன்றரை மாதம் இருந்திருந்தால் 36 முடிந்திருக்கும். காவலர்களுக்கு 35 வயது ஒரு பெரிய வயதே இல்லை. இத்தாலியின் டினோ சோஃப் 40 வயதில் உலகக் கிண்ணத்தைத் தூக்கியதை 1982இல் உலகமே பார்த்தது. ஆடாவிட்டாலும் பயிற்சி கொடுத்திருக்கலாம். நீளக் கை இல்லாத பையன்களுக்கும் கோணத்தைச் சுருக்குவது எப்படி என்று சொல்லிக்கொடுத்திருக்கலாம். மூன்று ஆண்டு கழித்து, 1991 ஜூலையில், மொக்தார் டஹாரியும் நரம்பு நோயால் 37 வயதில் போய்ச் சேர்ந்தார். சிலாங்கூரின் பொற்காலத்துக்கு முன்னாலும் பின்னாலும் நின்ற இரண்டு பேர், இருவரும் நாற்பதைப் பார்க்கவில்லை.

மொக்தாரின் பெயர் நாடு முழுக்கத் தெரியும். ஆறுமுகத்தின் பெயர் அந்த அளவுக்கு நிற்கவில்லை. காவலர்களின் தலைவிதி அது என்று விட்டுவிடலாமா? என்னால் முடியவில்லை. நம் வீடுகளில் சென்னை நடிகரின் பிறந்தநாள் தெரிகிற அளவுக்கு இந்த நாட்டுத் தமிழர் ஒருவரின் பெயர் தெரியாமல் போனதற்கு நாமும்தான் காரணம்.

திடல்களும் போய்விட்டன. பேராக்கில் கித்தா தோட்டம் இருந்த காலத்தில், கோயில், தமிழ்ப்பள்ளி, ஆயா கொட்டகை, கள்ளுக்கடை, இவற்றோடு ஒரு திடலும் கண்டிப்பாக இருக்கும். மூங்கிலை நட்டுக் கோல் கம்பம். தோட்டத்துக்குத் தோட்டம் ஆட்டம் நடக்கும், தோற்ற தோட்டத்துக்காரன் ஒரு வாரம் தலைகாட்ட மாட்டான். சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர் பக்கம் கித்தாவை வெட்டிச் செம்பனை நட்டபோதும், செம்பனையை வெட்டி வீடமைப்பு வந்தபோதும், லயத்து ஜனங்கள் பட்டணத்து ஓரங்களில் மலிவு வீடுகளுக்குப் போனார்கள். அடுக்குமாடி வீட்டுக்குத் திடல் கூடவே வரவில்லை. பிள்ளைகள் எங்கே விளையாடுவார்கள்? மாடிப்படிக்குக் கீழே மோட்டார் சைக்கிள் நிறுத்துகிற இடத்தில். அங்கே எப்படிப் பாய்ந்து பந்து பிடிக்கப் பழகுவது, சிமெண்டுத் தரையில்?

அதே தலைமுறையில் சிலாங்கூருக்கு ஆடிய கே. ராஜகோபால் பயிற்சியாளராகி, 2009இல் சீ விளையாட்டுத் தங்கத்தையும் 2010இல் ஆசியான் கிண்ணத்தையும் மலேசியாவுக்கு வாங்கித் தந்தார். ஆறுமுகம் இருந்திருந்தால் அந்த அணியின் காவலர்களுக்குப் பக்கத்தில் அவர் நின்றிருப்பாரோ என்று நினைத்துக்கொள்வேன்.

2016ஆம் ஆண்டு ஜனவரி கடைசியில் ஓலா போலா என்ற மலேசியப் படம் வந்தது. இயக்குநர் சியூ கெங் குவான். 1980 அணியின் கதையை அடிப்படையாக வைத்து எடுத்த படம். பெயர்களை மாற்றியிருந்தார்கள். அதில் கோல் காவலர் ஒரு தமிழ்ப் பையன், பெயர் முத்து. மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று எல்லோரும் ஒரே தியேட்டரில் உட்கார்ந்து பார்த்தார்கள். முத்து பந்தைப் பிடிக்கும்போதெல்லாம் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் யாருக்குச் சேர வேண்டியது என்பது, கூட்டத்தில் தலை நரைத்த சிலருக்குத்தான் தெரிந்திருக்கும்.